கதவின் வெளிப்பக்கம்

பெயிண்டர்: ஐயோ மேடம், கைப்பிடிய பிடிக்காதீங்க!

அதிகாரி: பிடிக்கிறதுக்குத்தானே மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கிறது?

பெயிண்டர்: பிடிக்கத்தான்... ஆனா நாளைல இருந்து. இன்னும் காயல.

அதிகாரி: போச்சு. பாருங்க, அஞ்சு விரலும் பச்சை.

பெயிண்டர்: இந்தாங்க துணி. டர்பன்டைன் தொட்டிருக்கேன், துடைச்சா போயிரும். விடியறதுக்குள்ள எந்திரிச்சு அடிச்சேன். நகராட்சியில இருந்து பாக்க வராங்க, வீடு பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு...

அதிகாரி: கைப்பிடி பளிச்சுன்னு இருக்கணும்னு எந்த விதியிலயும் இல்லைங்க ஐயா. ஆடாம இருக்கணும். அவ்வளவுதான்.

பெயிண்டர்: ஆடாது. ஆட்டிப் பாருங்களேன்... வேணாம் வேணாம், பிடிக்காதீங்க! நான் சொல்றேன், ஆடாது.

அதிகாரி: நீங்க சொல்லி நான் எழுத முடியுமா? தள்ளுங்க, காலால உதைச்சுப் பாக்குறேன்... ம். ஆடல.

பெயிண்டர்: அப்பாடா.

அதிகாரி: இப்பவே அப்பாடான்னா எப்படி? இன்னும் பதினாலு படி இருக்கு, மேல ரூம் இருக்கு. வாடகைக்கு விடணும்னா முழுசா பாத்துதான் சர்டிபிகேட். யாரு வரப்போறாங்க?

பெயிண்டர்: ஒரு பொண்ணு. வேலைக்குப் போற பொண்ணு. தங்கமான பொண்ணு.

அதிகாரி: வரதுக்கு முன்னாடியே தங்கமா?

பெயிண்டர்: ஒரு தடவை வந்து வீட்டப் பாத்துட்டுப் போச்சு. சர்டிபிகேட் இருந்தாதான் குடி வருவேன்னு கண்டிப்பா சொல்லிருச்சு. நாளைக்குள்ள கிடைக்கலேன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல வேற வீடு பேசி வச்சிருக்காம்.

அதிகாரி: விவரமான பொண்ணுதான். கதவத் திறங்க... ஜன்னல் சரி. கம்பி உள்ளிருந்து திறக்குதா? ம், திறக்குது. புகை வந்தா கத்துற கருவி மாட்டியாச்சுன்னு மனுல எழுதியிருக்கீங்க. எங்க?

பெயிண்டர்: தலைக்கு மேல பாருங்க.

அதிகாரி: தலைக்கு மேல கூரைதான் இருக்கு.

பெயிண்டர்: அதான் மேடம்! கண்ணுக்கே தெரியல பாத்தீங்களா? சோத்துத் தட்டக் கவுத்து வச்ச மாதிரி துருத்திக்கிட்டு இருந்துச்சு. கூரையோட சேத்து ரெண்டு கோட் வெள்ளை அடிச்சேன். ஜோலி முடிஞ்சுது.

அதிகாரி: ...அது மேலயா அடிச்சீங்க?

பெயிண்டர்: ஏன், வெள்ளை ஒத்துப் போகலையா?

அதிகாரி: ஐயா, அதச் சுத்தி சின்னச் சின்னதா ஓட்டை இருந்திருக்குமே.

பெயிண்டர்: இருந்துச்சு, இருந்துச்சு. என்னடா இது, கம்பெனிக்காரன் அரைகுறையா செஞ்சு அனுப்பியிருக்கான்னு அதெல்லாம் பட்டி வச்சு அடைச்சுட்டுதான் பெயிண்ட் அடிச்சேன்.

அதிகாரி: புகை உள்ள போற வழி அது!

பெயிண்டர்: ...ஓ.

அதிகாரி: வீடே எரிஞ்சாலும் அது வாய் திறக்காது. நல்லா அடைச்சு வச்சிருக்கீங்க.

பெயிண்டர்: சிரிக்கிறீங்களா மேடம்?

அதிகாரி: சிரிக்கல... இருபது வருஷமா கட்டடம் பாக்குறேன். இத எந்த வீட்டுலயும் பாத்ததில்ல. ஓட்டையக் கண்டா உங்களுக்கு ஆகாதோ?

பெயிண்டர்: தொழில் அப்படி. செவுத்துல ஒரு ஆணி ஓட்டை தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கண்ணு பந்திக்குப் போகாது, செவுத்துக்குத்தான் போகும்.

அதிகாரி: புதுசு ஒண்ணு மாட்டணும். அப்புறம்தான் கையெழுத்து. சரி, கீழ போகலாம்.

பெயிண்டர்: கீழயா? கீழ எதுக்கு? வாடகைக்கு மேல மட்டும்தானே...

அதிகாரி: ஒரே கட்டடம். தீ வந்தா வாடகைப் பகுதி எது, சொந்தப் பகுதி எதுன்னு கேட்டுட்டா வரும்?

பெயிண்டர்: இல்ல... கீழ எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. உங்களுக்கும் நேரமாகுது. வந்ததுல இருந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க.

அதிகாரி: மணி பாத்தேன். ஒரு மணிக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ட்டு வரணும்.

பெயிண்டர்: அப்போ கிளம்புங்களேன்! சாப்பாட்டு நேரம். கீழ இன்னொரு நாள்...

அதிகாரி: இறங்குங்க ஐயா.

பெயிண்டர்: இறங்குறேன்... கைப்பிடி, கைப்பிடி!

அதிகாரி: தெரியும், தொடல... இது ஹால். அது சமையலறை. சிலிண்டர் வெளிய வச்சிருக்கீங்க, நல்லது. அந்த மூடின கதவு?

பெயிண்டர்: எது?

அதிகாரி: இந்த வீட்டுல மூடின கதவு ஒண்ணுதான் இருக்கு.

பெயிண்டர்: அதுவா... அது ஸ்டோர் ரூம். பெயிண்ட் டப்பா, பிரஷ்ஷு, ஏணி... நாத்தம் அடிக்கும். வேணாம்.

அதிகாரி: உள்ள என்ன சத்தம்?

பெயிண்டர்: என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கல.

அதிகாரி: விசில் சத்தம். ரெண்டு தடவை.

பெயிண்டர்: ...குக்கரா இருக்கும்.

அதிகாரி: ஸ்டோர் ரூம்லயா குக்கர் வச்சிருக்கீங்க?

பெயிண்டர்: பக்கத்து வீட்டுக் குக்கர்.

அதிகாரி: ஐயா... ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? கொஞ்சம் நகருங்க. கதவுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க போல.

பெயிண்டர்: காலைலதான். கைப்பிடிக்கு அடிச்ச மாதிரி இல்ல, இது சீக்கிரம் காயற பெயிண்ட், தொடலாம்.

அதிகாரி: தொட்டேன். இதோ... இந்த இடத்துல. நிலைய ஒட்டி, என் தோள் உயரத்துக்கு. நாலு ஓட்டை அடைச்சிருக்கீங்க.

பெயிண்டர்: அங்கயா? அது... காலண்டர் மாட்டியிருந்தேன்.

அதிகாரி: நாலு ஸ்க்ரூ போட்டா காலண்டர் மாட்டுவாங்க?

பெயிண்டர்: கனமான காலண்டர்.

அதிகாரி: நிலையிலயும் இருக்கு, ரெண்டு. இது காலண்டர் இல்ல. வெளிப்பக்கத் தாப்பாள். படுக்கிற ரூமுக்கு வெளியில தாப்பாள் போடக் கூடாது, உள்ள இருக்கிறவங்க சாவி இல்லாம, உதவி இல்லாமத் திறந்துட்டு வரணும். விதியோட முதல் பக்கத்துலயே இருக்கு.

பெயிண்டர்: அதான் சொன்னேனே, ஸ்டோர் ரூம்னு. ஸ்டோர் ரூமுக்கு வெளியிலதானே...

மனைவி: ஏய்! யாரு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறது? உள்ள ஏறு, இல்ல கீழ இறங்கு. படியில நிக்கக் கூடாது.

பெயிண்டர்: ...எந்திரிச்சிட்டியாம்மா? ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு.

மனைவி: டிரைவரு, ரெண்டு விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? வண்டிய எடுக்காம இங்க என்ன பேச்சு? யாரும்மா நீ? எங்க போகணும்?

அதிகாரி: நான்... நான் பாக்க வந்தேம்மா. செக்கிங்.

மனைவி: செக்கிங்கா! நல்ல வேளை வந்தீங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். என் வண்டில ஒரு குறை. எத்தனை தடவை டிப்போல எழுதிக் குடுத்தாச்சு, ஒருத்தரும் காதுல போட்டுக்கல.

பெயிண்டர்: அம்மா... போதும். மேடத்துக்கு நேரமாகுது.

அதிகாரி: இருங்க ஐயா. சொல்லுங்கம்மா. என்ன குறை?

மனைவி: அவசர வழி. இந்தா இருக்கே, இதுதான் அவசர வழி. உள்ள இருந்து திறக்க முடியல. வெளியில அடைச்சு வச்சிருக்காங்க. இவ்வளவு பயணிய வச்சுக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டுறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கண்டக்டர்தானே?

அதிகாரி: ...இப்போ திறந்திருக்கே?

மனைவி: இன்னிக்குத்தான். காலைல டிரைவர் வந்து கழட்டி சட்டைப் பைல போட்டுக்கிட்டாரு. நான் பாத்தேன். செக்கிங் வராங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் இப்படித்தான். நீங்க போனதும் திரும்ப மாட்டிருவாரு.

அதிகாரி: ஐயா?

பெயிண்டர்: ...இந்தாங்க. தாப்பாள். ஸ்க்ரூ ஆறும் இந்தப் பேப்பர்ல மடிச்சிருக்கு.

மனைவி: பாத்தீங்களா! நான் பொய் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

பெயிண்டர்: ஆமா மேடம். பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷம். மூணு வருஷமா இந்த மறதி. மகன் பேரு போச்சு, என் பேரு போச்சு. என்னைய டிரைவர்னுதான் நெனைக்கிறா. சரி, பரவால்ல... பயணின்னு நெனச்சு இறக்கி விடாம இருக்காளேன்னு இருந்துக்குறேன்.

அதிகாரி: எதுக்கு மாட்டினீங்க?

பெயிண்டர்: ஒரு நாள் நான் சாரத்துல நிக்கிறேன் மேடம். மூணாவது மாடி. கீழ ரோட்டுல விசில் சத்தம். என்னடான்னு பாத்தா, இவ. நடு ரோட்டுல, நைட்டியோட, ஒரு பைய தோள்ல மாட்டிக்கிட்டு, விசில் அடிச்சு வர்ற லாரிய நிறுத்துறா. ரைட் ரைட்ங்குறா. டூட்டிக்குப் போறாளாம். சாரத்துல இருந்து எப்படி இறங்கினேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. கைல தோலே இல்ல. அன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போய் இத வாங்கினேன்.

அதிகாரி: தீ பிடிச்சா? நீங்க சாரத்துல. அவங்க உள்ள.

பெயிண்டர்: தெரியாம இருக்குமா? நான் வேலை செய்யற இடத்துல எல்லாம் மொதல்ல நம்ம தெரு எந்தப் பக்கம்னு பாத்துக்குவேன். புகை வருதான்னு பாத்துக்கிட்டே அடிப்பேன். தூரத்துல சைரன் கேட்டா கைல பிரஷ் நிக்காது. பெருசா பேசுறேன்னு நெனைக்காதீங்க, வேற வழி தெரியல மேடம். மகன் கடல் தாண்டி இருக்கான். நான் வேலைக்குப் போகலேன்னா மாத்திரை இல்ல.

அதிகாரி: உள்பக்கம் மட்டும் ஏன் பெயிண்ட் அடிக்கல? வெளிய புதுசு, உள்ள பழசு. எந்தப் பெயிண்டராவது கதவ ஒரு பக்கம் மட்டும் அடிப்பானா? அதுலயே எனக்கு சந்தேகம்.

பெயிண்டர்: ஈரம் காயறதுக்குள்ள கைய வச்சிருவா. அந்தக் கையோட கண்ணக் கசக்கிருவா.

அதிகாரி: இந்தக் கோடெல்லாம்... இங்க, கைப்பிடிக்கு மேல... என்ன இது, இவ்வளவு கீறல்?

பெயிண்டர்: மோதிரம்.

அதிகாரி: மோதிரமா?

பெயிண்டர்: தட்டுவா போல. நான் இல்லாதப்போ.

மனைவி: என்னம்மா, முகத்தத் தொங்கப் போட்டுட்ட? எந்த ஸ்டாப்புல இறங்கணும்? கவலைப்படாத, வந்தா சொல்றேன்.

பெயிண்டர்: மேடம்... எழுதிக்குங்க. நிராகரிக்கிறேன்னே எழுதிக்குங்க. தப்பு என் மேலதான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். மேல வரப்போற பொண்ணு நர்ஸ். அதுக்கு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் டூட்டி. நான் மூணரைக்கு வந்திருவேன். பகல்ல அது இங்க கீழ உக்காந்துக்குறேன்னு சொல்லியிருக்கு. வீடு பாக்க வந்த அன்னிக்கே இவ அதப் பாத்து, "மாத்து டூட்டியா? இவ்வளவு லேட்டா வர்ற?"ன்னு திட்டினா. அந்தப் பொண்ணு சிரிக்கல, விளக்கம் சொல்லல. "மன்னிச்சிருங்கக்கா, இனிமே நான் பாத்துக்குறேன்"னு கைய நீட்டுச்சு. இவ தோள்ல இருந்த பைய கழட்டிக் குடுத்துட்டுப் போய்ப் படுத்தா. ரெண்டு மணி நேரம் தூங்கினா மேடம். மூணு வருஷத்துல நான் அப்படிப் பாத்ததில்ல.

அதிகாரி: மாத்து ஆள் வந்தா இறங்கிருவாங்க.

பெயிண்டர்: ஆமா. அவ ஓடிப் போறவ இல்ல. வண்டிய நடு வழில விட்டுட்டுப் போகத் தெரியாதவ. இது எனக்கே அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்தப் பொண்ணு வந்துட்டா தாப்பாளே தேவையில்ல. தாப்பாள் இருந்தா சர்டிபிகேட் கிடைக்காது, அந்தப் பொண்ணு வராது. நான் என்ன பண்ணுவேன்? ஓட்டைய அடைச்சேன்.

அதிகாரி: மின்சாமான் கடை எவ்வளவு தூரம்?

பெயிண்டர்: எது?

அதிகாரி: புகைக் கருவி விக்கிற கடை.

பெயிண்டர்: தெருக் கோடிலதான். ஏன்?

அதிகாரி: போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது. அப்படியே மாட்டணும்.

பெயிண்டர்: இவள விட்டுட்டு...

அதிகாரி: நான் இருக்கேன்.

பெயிண்டர்: ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகணும்னீங்களே?

அதிகாரி: நீங்க நிக்க நிக்கத்தான் லேட்டாகுது. ஓடுங்க.

பெயிண்டர்: இந்தா வந்துட்டேன். அம்மா, மேடத்துக்கிட்ட வம்பு பண்ணாத!

மனைவி: டிரைவர் எங்க போறாரு, நடு வழில?

அதிகாரி: டீ குடிக்கப் போறாரும்மா. வந்திருவாரு.

மனைவி: நல்ல டிரைவர். வண்டிய அலுங்காம ஓட்டுவாரு. ஆனா பயந்தாங்கொள்ளி.

அதிகாரி: பயமா? எதுக்கு?

மனைவி: நான் ஓடற வண்டில இருந்து விழுந்துருவேனாம். கண்டக்டர் விழுவாளா? நீ சொல்லு. ஆமா, உன் கையெல்லாம் ஏன் பச்சையா இருக்கு?

அதிகாரி: உங்க டிரைவர் பண்ண வேலை.

மனைவி: உக்காரு. நிக்காத. காலைல இருந்து நின்னுக்கிட்டே இருந்திருப்ப, கால் வீங்கியிருக்கு பாரு. எங்க இறங்கணும்னு இன்னும் சொல்லலியே?

அதிகாரி: வீட்டுக்குப் போகணும்மா.

மனைவி: வீட்டுல யாரு இருக்கா?

அதிகாரி: அப்பா.

மனைவி: கூட யாரு?

அதிகாரி: மணியாகுதும்மா...

மனைவி: கேக்குறேன்ல? வயசானவர் கூட யாரு?

அதிகாரி: ...ஸ்டாப் வந்தா சொல்லுங்கம்மா. நான் பாக்காம உக்காந்திருவேன்.

மனைவி: சொல்றேன், சொல்றேன். அழாத. எல்லாரும் அவங்கவங்க ஸ்டாப்புல இறங்கிருவாங்க. நான் ஒருத்தரையும் விட்டதில்ல.

பெயிண்டர்: வாங்கிட்டேன்! ரெண்டா வாங்கிட்டேன் மேடம், மேல ஒண்ணு, இவ ரூமுக்கு ஒண்ணு. என்ன... என்னாச்சு? இவ ஏதாவது சொல்லிட்டாளா?

அதிகாரி: ஒண்ணுமில்ல. டர்பன்டைன் கண்ணுல பட்டுருச்சு. ஏறி மாட்டுங்க, சத்தம் வருதான்னு பாத்துருவோம்.

பெயிண்டர்: மாட்டிட்டேன். இந்த பட்டனா? ...யப்பா! காது கிழியுது!

மனைவி: யாரு இவ்வளவு நீளமா விசில் அடிக்கிறது? கத்துக்குட்டி!

அதிகாரி: நிறுத்துங்க, போதும். சரியா இருக்கு. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு... தேதி போடுங்க.

பெயிண்டர்: மேடம், இது... சர்டிபிகேட்டா?

அதிகாரி: ஆமா. இன்னிக்கே அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணுங்க. நாளைக்கு வரைக்கும் இழுக்காதீங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தாப்பாள் திரும்ப உங்க கைக்கு வராது. நான் எடுத்துட்டுப் போறேன்.

பெயிண்டர்: எடுத்துட்டுப் போங்க. ஸ்க்ரூவையும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல இருந்தா மறுபடியும் கை போகும்.

அதிகாரி: அடுத்த மாசம் சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பேன்.

பெயிண்டர்: வாங்க. கைப்பிடி காஞ்சிருக்கும்.

அதிகாரி: ம்.

பெயிண்டர்: மேடம்... கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. முப்பத்தெட்டு வருஷமா பட்டி வைக்கிறேன். நான் அடைச்ச ஓட்டைய நானே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நீங்க வந்து நின்னதும், கண்ணால கூட பாக்கல, நேரா விரல் அங்க போச்சு. அந்த உயரம், அந்த இடம்... எப்படி?

அதிகாரி: தினமும் காலைல ஏழரை மணிக்கு என் விரல் போற இடம் ஐயா அது. எங்கப்பா உள்ளதான் இருக்காரு, பூட்டுச் சாவி என் பைல இருக்கு... உங்க ஸ்க்ரூடிரைவரக் கொஞ்சம் குடுங்க. நாளைக்குத் திருப்பித் தந்துடுறேன்.